மின்வழி ஏலமும் மணிலாக்கொட்டையின் தரமும்

மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர் இருவர் ஒரே நாளில் ஒரே விற்பனைக்கூடத்திற்குச் சரக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்து, ஐந்தாறு நாள் வெயிலில் பரப்பி, வேளைக்கு வேளை கிளறிவிட்டு, பொக்குக் காயையும் மண்ணையும் தூற்றி நீக்கி, காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஓசையிடும் பக்குவம் வந்த பிறகே மூட்டை கட்டினார். மற்றவர் இரண்டு நாள் காய்ச்சலோடு நிறுத்திக்கொண்டார். ஈரம் இருந்தால் எடை நிற்கும் என்பது அவர் கணக்கு. கோணியைத் தைத்து அடுக்கிவிட்ட பின்பு இவ்விருவர் சரக்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விற்பவருக்குத் தம் சரக்கின் குணம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வியாபாரத்தில் உண்டாகும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே பிறக்கின்றன.

வியாபாரி நேரில் வந்து நிற்கும் சந்தையில் இத்தொல்லைக்கு ஓரளவு பரிகாரம் உண்டு. அவர் மூட்டையில் கைவிட்டு எடுத்து, காயை உடைத்து, பருப்பைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். ஆனால் இந்நாளில் ஏலம் கணினியிலும் கைப்பேசியிலும் நடைபெறுகிறது. முந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள எண்ணெய் ஆலைக்காரரும் விலை கூறலாம். கூறுவாரா என்பதே கேள்வி. கண்ணால் காணாத, கையால் தொடாத சரக்குக்கு அவர் எதை நம்பி விலை கூறுவார்? மின்வழிச் சந்தையின் நன்மை தீமைகள் யாவும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே நிற்கின்றன.

பழைய சந்தைகளில் மறைக்கப்பட்டது சரக்கின் தரம் மட்டும் அன்று, விலையே மறைக்கப்பட்டது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டினுள் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை அறியாத குடியானவர் இல்லை. தானியச் சந்தைகள் பலவற்றிலும் இதே வழக்கம் இருந்தது. துண்டின் அடியில் இருவர் விரல்கள் பேசிக்கொண்டது எதிரே நின்ற உடையவருக்குத் தெரியாது. எடைக்கல்லும் தராசும் வியாபாரியுடையவை. கழிவு, தர்மம், கூலி என்று பல பெயரில் பிடித்தம் வேறு. இவற்றைத் திருத்தும்பொருட்டு 1897-ல் பேரார் பகுதியில் பருத்தி, தானியச் சந்தைகளுக்கான சட்டம் உண்டாயிற்று. 1928-ல் அறிக்கை வெளியிட்ட அரச விவசாயக் கமிஷன் ஒழுங்குபடுத்திய சந்தைகளை எங்கும் ஏற்படுத்த வேண்டுமென்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933-ல் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறி, அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு விற்பனைக்கூடம் திறக்கப்பட்டது. 1937-ல் விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் வந்தது. ‘அக்மார்க்’ முத்திரை அதன் பயனே. எடை சரியாயிற்று, விலை வெளிப்பட்டது. தரம் மட்டும் பெரும்பாலும் வாங்குபவர் கண்ணுக்கும் கைக்குமே விடப்பட்டிருந்தது.

தரம் தெரியாமையால் சந்தைக்கு உண்டாகும் கேட்டைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். அவர் 1967-68-ல் ஓராண்டு புது டில்லியில் தங்கியிருந்தவர். 1970-ல் அவருடைய கட்டுரை வெளிவருவதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. பின்னர் 2001-ல் அவருக்கும் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் என்னும் இருவருக்கும் சேர்த்துப் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. பழைய மோட்டார் வண்டிகளின் விற்பனையே அவர் எடுத்துக்கொண்ட முதன்மையான உதாரணம் எனினும், கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் அதே நிறமும் வடிவமும் உள்ள கல் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருப்பதையும், இந்தியப் பெண்கள் அதை உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருப்பதையும் அவர் அக்கட்டுரையில் குறிப்பிடுகிறார். முறத்தோடு திண்ணையில் கழியும் அந்த நாழிகைகள் யாவும் சந்தையில் நம்பிக்கையில்லாமைக்குச் செலுத்தப்படும் வரியே எனலாம்.

அவர் காட்டிய கணக்கை மணிலாக்கொட்டைக்குப் பொருத்திப் பார்த்தல் எளிது. நன்கு காய்ந்த காய் ஆலைக்காரருக்குக் குவிண்டாலுக்கு 7,000 ரூபாய் பெறும்; ஈரக்காய் 6,000 ரூபாயே பெறும்; சந்தைக்கு வருவதில் இரண்டும் பாதிப்பாதி என்று கொள்க. எது எதுவென்று பிரித்தறிய வகையில்லாத வியாபாரி இரண்டுக்கும் நடுவே 6,500 ரூபாய் கொடுக்கத் துணிவார். ஈரக்காய்க்காரருக்கு 500 ரூபாய் ஆதாயம். ஆகவே அவர் மகிழ்ச்சியோடு விற்பார். காயவைத்துத் தூற்றி ஆள்கூலி கொடுத்தவருக்கோ 6,700 ரூபாய்க்குக் குறைந்தால் கட்டாது. அவர் மூட்டையைத் திருப்பிக்கொண்டு போவார், அல்லது அடுத்த பருவத்தில் தாமும் இரண்டு நாள் காய்ச்சலோடு நிறுத்திக்கொள்வார். எவ்வழியாயினும் சந்தையில் நல்ல சரக்குக் குறைகிறது. வியாபாரி இரண்டொரு தடவை ஆலையில் உடைத்துப் பார்த்ததும் இதை அறிந்து, விலையை 6,500-லிருந்து 6,200-க்கும், பின்பு 6,000-க்கும் இறக்கிவிடுவார். முடிவில் ஈரக்காய் ஒன்றே சந்தையில் நிற்கும். இதில் ஒருவரும் மற்றவரை வேண்டுமென்று வஞ்சிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வியாபாரி தமக்குத் தெரிந்தவரையில் நியாயமான விலையே கூறினார். அப்படியிருந்தும் நன்றாக உழைத்தவருக்குக் கூலி கிட்டாமற் போயிற்று.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருங்கே தெரியாத குணமும் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. பிரேஸில் தேசத்திலிருந்து வந்த மணிலாப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து உண்டான நஞ்சே காரணமென்று பின்னர் வெளியாயிற்று. அஃப்லடாக்ஸின் என்று பெயரிடப்பட்ட அந்நஞ்சு கண்ணுக்கும் நாவுக்கும் எட்டாதது. பரீட்சைச் சாலையில்தான் தெரியும். நன்றாகக் காயாத காயில்தான் அப்பூஞ்சணம் சுலபமாகப் பற்றும். ஆகவே ஈரப்பதம் என்பது எடையைப் பற்றிய வழக்கு மட்டும் அன்று.

விலை தெரியாமையும் தரம் தெரியாமையும் வெவ்வேறு நோய்கள். இவற்றுக்கு ஒரே மருந்து போதுமென்று எண்ணுவது தவறு. விலை தெரியாமையைத் தீர்க்கக் கைப்பேசியே போதும் என்பதற்கு மலையாளக் கரையில் நல்ல சான்று கிடைத்துள்ளது. 1997 முதல் 2001 வரையில் கேரளத்தின் வட ஜில்லாக்களில் கைப்பேசி படிப்படியாகப் பரவிற்று. அதற்கு முன்பு மத்தி மீன் பிடித்து வந்தவர்கள் தங்கள் கரையில் வாங்குவாரில்லாமல் பிடித்ததில் 5 முதல் 8 விழுக்காட்டைக் கடலில் கொட்டிவிட, அடுத்த கரையிலோ மீன் கிடைக்காமல் விலை ஏறியிருக்கும். கைப்பேசி வந்த பின்பு படகிலிருந்தே கரைதோறும் விலை கேட்டுத் துறையைத் தெரிந்துகொண்டனர். வீண் ஏறக்குறைய முழுவதும் நின்றது. செம்படவருக்கு லாபம் 8 விழுக்காடு ஏறியது. வாங்கித் தின்பவருக்கு விலை 4 விழுக்காடு இறங்கியது. ராபர்ட் ஜென்ஸன் என்பவர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. ஆனால் அங்கே மீன் கரையில் கண்முன்னே கிடந்தது. புதிதா பழையதா என்பதில் தர்க்கமில்லை. தெரிய வேண்டியது விலை ஒன்றே.

மத்தியப் பிரதேசத்தில் 2000-ம் ஆண்டில் ஐ.டி.சி. கம்பெனியார் தொடங்கிய ‘இ-சௌபால்’ ஏற்பாட்டில் விலையோடு தரமும் சேர்ந்தது. கிராமத்திலேயே ஒரு குடியானவர் வீட்டில் கணினி வைத்து, மண்டி விலையையும் கம்பெனி கொடுக்கும் விலையையும் காட்டினர். சோயா மொச்சையைக் கொண்டு சென்றால் மின்தராசில் எடை போட்டு, தரம் பார்த்து, பணமும் உடனே கொடுத்தனர். இதன் விளைவை ஆராய்ந்த அபராஜிதா கோயல் 2010-ல் வெளியிட்ட கணக்கின்படி, கணினி வைத்த ஜில்லாக்களில் மண்டி விலையே 1 முதல் 3 விழுக்காடு உயர்ந்தது. கம்பெனிக்கு விற்காதவருக்கும் ஆதாயம் கிடைத்தது என்பது இதில் விசேஷம். வேறு வழி ஒன்று திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் மண்டிக்காரரும் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று.

இனி, விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் என்றும் காணாத அயல்நாட்டு மின்வழிச் சந்தை ஒன்றின் அனுபவமும் அறியத் தக்கது. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஈபே’ என்னும் ஏலச் சந்தையில் முதலில் விலைபோனது பழுதான ஓர் ஒளிக்கதிர்ச் சுட்டுக்கோல். விலை 14 டாலர் 83 செண்ட். பழுதென்று சொல்லியே விற்றனர். இத்தகைய சந்தையில் எல்லோரும் உண்மை சொல்வரென்று எதிர்பார்க்க முடியாதாகையால், வியாபாரம் முடிந்தபின் ஒருவரைப் பற்றி மற்றவர் நல்லது கெட்டது எழுதிவைக்கும் முறை 1996-ல் ஏற்படுத்தப்பட்டது. ஊரில் ஒருவர் பெயர் எடுப்பதற்கும் கெடுப்பதற்கும் ஒப்பானது இது. பெயருக்கு விலை உண்டா என்று சோதித்தவர்களும் உண்டு. பழைய அஞ்சலட்டைகளை ஒரே வியாபாரி நற்பெயர் பெற்ற தம் பழைய கணக்கிலும், யாருமறியாத புதுக் கணக்குகளிலும் விற்றுப் பார்த்ததில், பழைய பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க இசைந்தனர். இது 2006-ல் வெளிவந்தது.

ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பழிக்குப் பழியாக அவரைப் பற்றிக் குறை எழுதிவிடுவார். அதற்கு அஞ்சி வாங்கியவர்கள் வாய்மூடியிருந்தனர். எல்லாருக்கும் நற்சான்றே நிரம்பிற்று. நற்சான்றுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. 2008-ல் விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் குறை எழுதக் கூடாதென்று விதியை மாற்றினர். மனிதர் மாறவில்லை; விதி மாறியதும் அவர்கள் நடத்தை மாறிற்று. இவ்விதம், அவரவர் தம் ஆதாயத்தைக் கருதி நடந்தாலும் உண்மை வெளிப்படும்படி விதிகளை அமைப்பதற்கே ஒரு சாஸ்திரம் உண்டு. அதை வகுத்ததற்காக ஹுர்விச், மாஸ்கின், மயர்ஸன் என்னும் மூவருக்கு 2007-ல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

நம் தேசத்துச் சந்தைகளில் முந்தித் துணிந்தது கர்நாடகம். அங்கே 2014 முதல் ஒழுங்குமுறைச் சந்தைகளை ஒரே மின்வழியில் இணைத்து ஏலம் நடத்தத் தொடங்கினர். மத்திய அரசாங்கத்தின் தேசிய வேளாண் மின்னணுச் சந்தை, ‘இ-நாம்’ என்று வழங்குவது, 2016 ஏப்ரல் 14-ந் தேதி 8 மாநிலங்களில் 21 சந்தைகளோடு தொடங்கி, 2020-ல் ஆயிரம் சந்தைகளை எட்டியது. வாயிலில் சரக்கைப் பதிந்து எண் கொடுத்தல், மாதிரி எடுத்துத் தரம் பார்த்தல், மின்வழியில் விலை கூறல், எடை போடல், பணத்தை வங்கிக் கணக்கில் சேர்த்தல் என்பது அதன் ஒழுங்கு. தமிழ்நாட்டிலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் பல இதில் சேர்ந்துள்ளன.

கர்நாடகத்து ஏற்பாட்டால் விலை ஏறிற்றா என்று ஆராய்ந்த அறிஞர் குழு 2020-ல் வெளியிட்ட முடிவு குடியானவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது. நெல்லுக்கு 5.1 விழுக்காடும், மணிலாக்கொட்டைக்கு 3.6 விழுக்காடும், மக்காச்சோளத்துக்கு 3.5 விழுக்காடும் விலை உயர்ந்திருக்கிறது. பருத்தி, பச்சைப்பயறு, துவரை மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. கணினி எல்லாப் பயிருக்கும் ஒன்றே; ஏலமும் ஒன்றே. பயிருக்குப் பயிர் பலன் வேறுபடுவானேன்? வாங்குபவர் எத்தனை பேர், அவர்களுக்குள் போட்டி எவ்வளவு என்பவை காரணங்களில் சில. மற்றொன்று தரம். பருத்தியில் இழையின் நீளம், மென்மை, உறுதி, அரைத்தால் விழும் பஞ்சின் அளவு என்று பல குணங்கள் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் வித்தியாசம் மிகுதி. இவற்றைத் திரையில் நாலு எண்களால் சொல்லிவிட முடியாதவரையில் வியாபாரி தாமே வந்து கைப்பிடியளவு பஞ்சை இழுத்துப் பார்த்துத்தான் விலை கூறுவார். வந்து பார்க்கக் கூடியவர் உள்ளூர்க்காரரே. அப்படியானால் மின்வழி என்பது உள்ளூர் ஏலத்தை வேறொரு பலகையில் எழுதுவதே ஆகும்.

ஏலத்தின் விதிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு விற்பனைக்கூடங்களில் நெடுநாளாக நடந்து வருவது மறைமுக ஏலம். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலுக்கும் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவர்; உயர்ந்த விலை எழுதியவருக்கே சரக்கு. இம்முறையில் ஒரு வியாபாரிக்குச் சரக்கு 6,900 ரூபாய் பெறுமென்று பட்டாலும் அவர் அதை எழுதமாட்டார். எழுதினால் அவருக்கு மிச்சமேது? மற்றவர்கள் என்ன எழுதுவர் என்று ஊகித்து, அதைச் சிறிது தாண்டினால் போதுமென்று 6,700 ரூபாயே எழுதுவார். வில்லியம் விக்ரி என்னும் அறிஞர் 1961-ல் இதற்கொரு மாற்று எடுத்துரைத்தார். உயர்ந்த விலை எழுதியவருக்கே சரக்கு. ஆனால் அவர் கொடுக்க வேண்டியது தமக்கு அடுத்தபடியாக எழுதியவரின் விலை. அப்போது தாம் எழுதும் எண் தாம் கொடுக்கும் பணத்தைத் தீர்மானிப்பதில்லையாகையால், மறைப்பதில் ஆதாயமின்றி 6,900 என்றே எழுதிவிடுவார். ஈபே சந்தையில் வாங்குபவர் தம் உச்ச விலையைக் கணினியிடம் சொல்லிவைத்தால், அது மற்றவர் விலையைச் சிறிது மட்டும் தாண்டி அவர் சார்பில் ஏற்றிச் செல்வதும் ஏறக்குறைய இம்முறையே. விக்ரி 1996-ல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளே காலமானார்.

இதைக் கேட்டுச் சிலர், இரண்டாம் விலை முறையால் குடியானவருக்கு நஷ்டமல்லவா என்பர். வேறு சிலர், முறையை மாற்றிவிட்டால் விலை தானே ஏறும் என்பர். இரண்டும் சரியன்று. வியாபாரிகள் தனித்தனியே மதிப்பிட்டு, கூட்டுச் சேராமல் கூறுவாரானால், இரு முறைகளிலும் சராசரியாகக் கிடைக்கும் விலை ஒன்றே என்பதையும் விக்ரியே காட்டியிருக்கிறார். விதியை நுட்பமாக்குவதைவிட உண்மையாகப் போட்டியிடும் ஒரு வியாபாரி கூடுதலாக வருவது விற்பவருக்கு மேலான ஆதாயம் என்று 1996-ல் புலோ, கிளெம்பரர் என்னும் இருவர் கணக்கால் நிறுவினர். நாலு பேர் மட்டும் விலை கூறும் சந்தையில் அந்நால்வரும் காலைக் காப்பிக்கடையில் விலையைப் பேசி முடித்துவிடக் கூடும். ஐந்தாமவர் தூரதேசத்தார் ஆனால் அது கடினம். யார் எவ்வளவு கூறினர் என்று ஒருவருக்கொருவர் தெரியாத மறைமுக ஏலத்தில் கூட்டு உடைவதும் எளிது. ஏனெனில் பேச்சை மீறி ஐம்பது ரூபாய் ஏற்றி எழுதியவரை மற்றவர்கள் உடனே கண்டுகொள்ள முடியாது.

சிறு விதிகளும் பெரிய வித்தியாசம் செய்யும். ஈபே ஏலம் குறித்த நிமிஷத்தில் முடிந்துவிடுமாதலால் பலர் கடைசி விநாடி வரையில் பதுங்கியிருந்து விலை கூறினர். அந்நாளில் அமேஸான் நடத்திய ஏலத்தில், கடைசியாக விலை கூறப்பட்டபின் பத்து நிமிஷம் வேறொருவரும் கூறாதிருந்தால்தான் ஏலம் முடியும் என்று விதி இருந்தது. அங்கே பதுங்குவது குறைவாக இருந்ததென்று 2002-ல் ரோத், ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் எடுத்துக்காட்டினர். கர்நாடகத்தில் பருப்பு வகைச் சந்தை ஒன்றில், முதல் சுற்றில் உயர்ந்த விலை கூறியவர்களை மட்டும் இரண்டாம் சுற்றுக்கு அழைத்து மீண்டும் ஏற்றிக் கூற இடமளிக்கும் ஏலம் சோதிக்கப்பட்டது. அதனால் விலை சுமார் 4.7 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டனர்.

ஆனால் எந்த விதியும் சரக்கின் குணத்தை வெளிப்படுத்தாது. இங்கே மறுபடியும் தரத்துக்கே வர வேண்டியிருக்கிறது. ஐந்து வியாபாரிகள் ஒரு குவியலில் எவ்வளவு பருப்பு விழுமென்று தனித்தனியே மதிக்கிறார்கள். ஒருவர் 66 விழுக்காடு என்பார், ஒருவர் 69, ஒருவர் 72. ஏலத்தில் வெல்பவர் யார்? எல்லாரிலும் அதிகமாக மதித்தவரே. வென்றதும் அவருக்கு ஆலையில் காத்திருப்பது ஏமாற்றம். அனுபவமுள்ள வியாபாரி இதை அறிந்தவராதலால் தம் மதிப்பிலிருந்து ஒரு பங்கைத் தள்ளியே விலை கூறுவார். சந்தேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குத் தள்ளுபடியும் அதிகம். மாதிரியை உரித்து, 70 விழுக்காடு பருப்பு, 8 விழுக்காடு ஈரம் என்று நம்பத் தகுந்த சீட்டு ஒன்று எல்லாருக்கும் காட்டப்பட்டால் அத்தள்ளுபடி சுருங்கும். சரக்கைப் பற்றித் தெரிந்ததை ஒளிக்காமல் வெளியிடுவது சராசரியாக விற்பவருக்கே விலையை உயர்த்தும் என்று மில்கிராம், வெபர் இருவரும் 1982-ல் நிறுவினர். 2020-ம் ஆண்டின் நோபெல் பரிசு மில்கிராமுக்கும் வில்ஸனுக்கும் ஏலத்தைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சிகளுக்காகவே வழங்கப்பட்டது. தர்க்கத்தின் மறுபக்கமும் உண்டு. சோதனைச் சீட்டு சுலபமாகக் கிடைக்கும் சந்தையில் ஒருவர் சீட்டு வாங்காமல் சரக்கு வைத்தால், அது தாழ்ந்தது என்றே வியாபாரிகள் கொள்வர்.

சீட்டு நம்பத் தகுந்ததாயிருக்க வேண்டும் என்பதிலேதான் கஷ்டம். வரத்து மிகுந்த நாளில் ஒரே ஆள் இருநூறு குவியலுக்கு மாதிரி எடுக்க நேர்ந்தால், மேலாக இருக்கும் மூட்டையில் ஒரு பிடி அள்ளிக் கண்மதிப்பாக எண் எழுதிவிடுவது எளிது. அத்தகைய சீட்டு இல்லாத சீட்டைவிடக் கேடு. அதை நம்பி ஒரு முறை ஏமாந்த வெளியூர்க்காரர் அடுத்த முறை அச்சந்தையின் எல்லாக் குவியலுக்கும் விலை குறைப்பார், அல்லது கூறவே மாட்டார். சரக்குக்குச் சொந்தக்காரர்களும் இவ்விஷயத்தில் குற்றமற்றவர்கள் அல்லர். மூட்டையின் வாயில் நல்ல காயும் அடியில் பொக்கும் மண்ணும் வைத்துத் தைப்பது பழைய தந்திரம். வியாபாரி எதிரே நின்ற காலத்தில் அதன் நஷ்டம் செய்தவரைச் சேர்ந்தது. மின்வழியில் அது ஊருக்கே வருகிறது. ஏரிக்கரையில் ஒருவர் தம் வயலுக்கென்று வெட்டிய மடையால் கீழ்மடைக்காரர் எல்லார் வயலும் காய்வதைப் போன்றதே இது.

ஆகையால் விற்பனைக்குக் கொண்டுவரும் குடியானவர்கள் வீட்டிலேயே செய்து வரத் தக்க காரியங்கள் சில உண்டு. வெவ்வேறு வயலில் விளைந்ததையும், மழையில் நனைந்ததையும் நனையாததையும் ஒன்றாய்க் கலக்கலாகாது. கலந்தால் முழுவதும் தாழ்ந்த தரத்துக்கே போகும். தனித்தனிக் குவியலாகப் பதிந்துகொள்வதில் தடையில்லை. காய் 8 விழுக்காடு ஈரத்துக்குக் காயும்வரையில் களத்தைவிட்டு எடுக்காதிருத்தல் நலம். மூட்டை கட்டுமுன் ஒவ்வொரு மூட்டையின் அடி, நடு, வாய் மூன்றிலும் கைப்பிடி எடுத்து ஒன்றாய்க் கலந்து, அதில் ஒரு கிலோவைத் தாமே உரித்துப் பருப்பை நிறுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகச் சிரமமில்லாத வேலை. ஒரு மாலைப்பொழுதில் முடியும். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு வருபவரிடம் விற்பனைக்கூடத்துச் சீட்டில் வேறு எண் எழுதப்பட்டால், மறு சோதனை கேட்க அவருக்கு ஆதாரம் இருக்கும். மாதிரி எடுக்கும்போது உடனிருந்து, குத்தூசி எல்லா மூட்டையிலும் அடிவரையில் இறங்குகிறதா என்று பார்ப்பதும் உரிமையே. கலந்த மாதிரியில் கால் கிலோவை ஈரம் ஏறாத பையில் கட்டித் தேதியும் குவியல் எண்ணும் எழுதி, பணம் வந்து சேரும்வரையில் வைத்திருந்தால், பின்னர் எழும் வழக்குகளுக்கு அது சாட்சி.

கூறிய விலை தம் எண்ணுக்குத் தகுந்ததாக இல்லையென்று கண்டால் விற்க மறுக்கலாம். ஏலத்தில் வைத்ததனாலேயே விற்றாக வேண்டுமென்பதில்லை. விற்பனைக்கூடத்துக் கிடங்கில் இருப்பு வைத்து, சரக்கின்பேரில் பொருளீட்டுக் கடன் பெற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் இருப்பு வைக்க ஏற்றது நன்றாய்க் காய்ந்த காய் ஒன்றே. ஈரக்காயைக் கிடங்கில் அடுக்கினால் மூட்டை உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். அதன்பின் கூறும் விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியிராது.